சிரிப்பு எடுக்காத சாவு

கீரனூர் நாகரத்தினம் செத்துப்போனது ஆவடிக்கு அந்தப் பக்கம் ஒரு மாந்தோப்பில், பொழுது சாயும் நேரத்தில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போது; அதில் அதிசயம் ஒன்றுமில்லை, அவர் தொழிலே அதுதான். எத்தனையோ வருஷமாகக் கதாநாயகனின் அப்பாவாகச் சுடப்பட்டும், கதாநாயகியின் அப்பாவாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டும், நேர்மையான தாசில்தாராக லாரியில் அடிபட்டும், ஊர்ப் பெரியவராக வெட்டுப்பட்டும், இடைவேளைக்கு முன்னால் எப்படியாவது செத்துப்போய்ப் படம் மேற்கொண்டு நடக்க ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, பஸ் பிடித்துச் சாலிகிராமம் வந்து, மனைவி தையல்நாயகி போடும் மோர்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறவர் அவர். அன்றைக்கும் வந்தார். ஆனால் செத்தபடியே வந்தார்.

தையல்நாயகி கதவைத் திறந்தபோது அவர் நெற்றியில் ஒரு ரூபாய்க் காசு ஒட்டியிருந்தது.

"என்னங்க, நெத்திக்காசை எடுக்காமலே வந்துட்டீங்க?"

"எடுத்துப் பாத்தேன். வரல."

அவள் எடுத்துப் பார்த்தாள். தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தாள், வெந்நீரில் துணி நனைத்து ஒத்திப் பார்த்தாள், நகத்தால் நெம்பிப் பார்த்தாள், காசு அசையவில்லை. நெற்றி சில்லென்று இருந்தது. கையைப் பிடித்தாள், கையும் சில்லென்று இருந்தது. மார்பில் காதை வைத்தாள், உள்ளே ஆள் இல்லாத வீடு மாதிரி ஒரு சத்தமும் இல்லை. வேறு பெண்ணாக இருந்தால் அலறியிருப்பாள். தையல்நாயகி ஆர்மோனியக்காரரின் மகள், நாடகக் கொட்டகையில் தவழ்ந்து வளர்ந்தவள், தொழில் தெரிந்தவள். அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"சிரிப்பு எடுத்தாங்களா?"

நாகரத்தினம் தலையைக் குனிந்துகொண்டார்.

சினிமாவில் இல்லாதவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். யார் பிணமாக நடித்தாலும், அந்தக் காட்சி முடிந்ததும் அவரை எழுப்பி உட்காரவைத்து, அதே மாலையோடு, அதே நெற்றிக்காசோடு, கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லிப் பத்தடி பிலிம் எடுப்பார்கள். அந்தச் சிரிப்பு எந்தப் படத்திலும் வராது. எடிட்டிங் அறைத் தரையில் சுருண்டு கிடந்து மறுநாள் குப்பையோடு போய்விடும். ஆனாலும் எடுப்பார்கள், எடுத்துவிட்டுப் பூசணிக்காய் உடைப்பார்கள். நடந்த சாவு பொய் என்று யாருக்குத் தெரிவிக்க வேண்டுமோ அவனுக்குத் தெரிவிக்கிற ஏற்பாடு அது. செத்தவனைச் சாகச் சொன்ன டைரக்டரே சிரிக்கவும் சொல்ல வேண்டும், கேமரா ஓட வேண்டும், அவரே கட் சொல்ல வேண்டும், அப்போதுதான் கணக்கு தீரும்.

அன்றைக்கு மாந்தோப்பில் கதாநாயகன் இளவேந்தன் அப்பாவின் பிணத்தின் மேல் விழுந்து அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் காரில் ஏறிக்கொண்டிருந்தார். கேமராவில் பிலிம் இருந்தது, வானத்தில் இன்னும் ஒரு ஷாட்டுக்கு வெளிச்சம் இருந்தது, அந்த ஒரு ஷாட்டில் இளவேந்தனின் கார் தோப்பைத் தாண்டிப் புழுதி கிளப்பிக்கொண்டு போவதை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று டைரக்டர் சம்பந்தத்துக்குத் தோன்றியது. லைட்மேன் ஏசுபாதம்தான் கேட்டார்.

"சார், பெரியவருக்குச் சிரிப்பு எடுக்கலையே?"

"அவருக்கு எதுக்குய்யா பிலிமை வேஸ்ட் பண்ணிக்கிட்டு? வெயில் வேற போயிட்டிருக்கு. சின்ன ஆளுங்களை எல்லாம் தேடிக்கிட்டு எமன் வரமாட்டான், போ" என்றார் சம்பந்தம்.

எல்லாரும் சிரித்தார்கள். சிரித்திருக்க வேண்டிய ஆள் மட்டும் பாயிலிருந்து எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, "பரவாயில்லைங்க" என்றார்.

இந்தப் பரவாயில்லைதான் அந்த மனுஷனைக் கெடுத்தது. சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்து, மீசை முளைக்கும் முன்னே ராஜபார்ட் வாங்கி, மைக் இல்லாமல் கடைசி பெஞ்சுக்காரன் முதுகு நிமிரும்படி வசனம் பேசின தொண்டை அது. அந்தக் குரலைக் கேட்டுத்தான் தையல்நாயகி கல்யாணத்துக்குத் தலையாட்டினாள். மெட்ராஸ் வந்ததும், "குரலைக் கொஞ்சம் இறக்குங்க, ஹீரோ குரல் அமுங்குது" என்றார்கள்; பரவாயில்லை என்று இறக்கினார். நீதிபதி என்றார்கள், டாக்டர் என்றார்கள், போஸ்ட்மேன் என்றார்கள், இரண்டு வசனத்தை ஒன்றாக்கி, அந்த ஒன்றையும் தலையாட்டலாக்கி, எழுத்துப் போடும்போது பெயரை 'மற்றும் பலர்' என்பதற்குள் தள்ளினார்கள். அதற்கும் பரவாயில்லை. எத்தனை கதாநாயகிகளைக் கண்கலங்கத் தாரைவார்த்துக் கொடுத்திருப்பார்! அதில் ஒருத்தியாவது தன் நிஜக் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தாளா? இப்போது உயிரையே எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள், அதற்கும் மனுஷன் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு சொன்னார்:

"பரவாயில்ல தையலு. வலி ஒண்ணும் இல்ல."

அவள் மோர்ச்சோற்றுச் சட்டியை டங்கென்று கீழே வைத்தாள்.

அவர்கள் குடியிருந்த சந்து முழுக்கச் சினிமாக்காரர்கள். மேக்கப்காரர் ஒருவர், சண்டைக்காரர்கள் நாலைந்து பேர், கூட்டத்தில் நிற்கும் பெண்கள், தையற்காரர். மறுநாள் காலையிலேயே சேதி பரவி, முறைப்படி எல்லாரும் வந்து உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதார்கள். நாகரத்தினமும் அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, அழுகிறவர்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வந்தது. பிணத்தை எடுத்தால்தானே சாவு முடியும், எடுக்காத சாவாக இருந்ததால் சோறு வந்துகொண்டே இருந்தது, பிறகு குழம்பு நின்று ரசம் மட்டும் வந்தது, பிறகு அதுவும் நின்றது. ஐஸ் கம்பெனிக்காரர் யாரும் கேட்காமலே தினமும் ஒரு பாளம் ஐஸை மரத்தூளில் புரட்டி வாசலில் இறக்கிவிட்டுப் போனார், "வெயில் காலம் அக்கா, ஐயாவுக்கு ஆகாது" என்று சொல்லி. தையல்நாயகி அதை உடைத்துச் சந்துப் பிள்ளைகளுக்கு எலுமிச்சைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள்.

கஷ்டம் சந்துக் கோடியில் இருந்த பிள்ளையார் கோயிலால் வந்தது. தெருவில் பிணம் கிடந்தால் கோயில் திறக்கக்கூடாது. குருக்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நின்று தையல்நாயகியிடம் கையைப் பிசைந்தார்.

"நான் என்ன பண்ணட்டும் அம்மா? பிரேதம் தெருவை விட்டுப் போனாத்தான் நடை திறக்கணும். இது நான் போட்ட சட்டம் இல்லே. அவரோ எங்கேயும் போக மாட்டேங்கறார், பேப்பர் படிச்சிண்டு உக்காந்திருக்கார்."

பேசிப் பேசி ஒரு வழி பிறந்தது. நாகரத்தினம் ஷூட்டிங்குக்குப் போகும் நாளில் பிணம் தெருவில் இல்லை என்றுதானே அர்த்தம்? அந்த நாட்களில் கோயிலைத் திறந்து, கழுவிவிட்டு, விட்டுப்போன பூஜையை எல்லாம் சேர்த்துச் செய்துவிடலாம் என்று குருக்கள் ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து அந்தச் சந்தில் சங்கடஹர சதுர்த்தி பஞ்சாங்கப்படி வரவில்லை, நாகரத்தினத்தின் கால்ஷீட்படி வந்தது. குழாயடியில் பெண்கள், "அக்கா, நாளைக்கு ஐயாவுக்கு வேலை உண்டா?" என்று கேட்டுத்தான் மறுநாளைக்குத் தேங்காய் வாங்கினார்கள். மேக்கப்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு முதலில் நாகரத்தினத்திடம் வந்து தேதி கேட்டுவிட்டுப் பிறகுதான் ஜோசியரிடம் போனார். ஜனங்களுக்கு எதுவும் பழகிவிடும், அதிலும் அடுத்த வீட்டுச் சாவு ரொம்பச் சீக்கிரம் பழகிவிடும்.

கீரனூரிலிருந்து நாத்தனார் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு காரியத்துக்கு வந்தாள். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள், தம்பி கொடுத்த காப்பியைக் குடித்தாள், அப்புறம் தையல்நாயகியின் தலையைப் பார்த்தாள்.

"இன்னும் பூவும் பொட்டுமா இருந்தா ஊரு என்ன பேசும்? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"அண்ணி, உங்க தம்பி உள்ளதான் இருக்காரு. போயி அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, என் பூவை எடுக்கலாமான்னு."

உள்ளேயிருந்து அவர் குரல் வந்தது. "தையலு, பரவாயில்லம்மா... அக்கா மனசு கஷ்டப்படுது..."

தையல்நாயகிக்கு வந்த ஆத்திரத்தில் அடுப்பில் இருந்த பாலை அப்படியே விட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குப் போய், கல்யாணப் பெண் வைக்கிற அளவுக்கு மல்லிகை வாங்கித் தலை கொள்ளாமல் வைத்துக்கொண்டு வந்து, நாத்தனார் எதிரில் காலை நீட்டி உட்கார்ந்தாள். யாரோ ஒருவன் காரின் புழுதியைப் படம் பிடிக்க ஆசைப்பட்டதற்கு என் நெற்றி அழிய வேண்டுமா என்று சுவரைப் பார்த்துக் கேட்டாள். நாத்தனார் கூட்டம் மறுநாள் ரயிலுக்குப் போய்விட்டது.

குணச்சித்திர நடிகர் மன்றத்தார் இரங்கல் கூட்டம் போட்டார்கள். நாகரத்தினத்தை முதல் வரிசையில் உட்காரவைத்து, மேடையில் அவர் படத்துக்கு மாலை போட்டு, ஒருவர் மாற்றி ஒருவர் பேசினார்கள்: எப்பேர்ப்பட்ட கலைஞன், என்ன குரல், என்ன முகபாவம், திரையுலகம் அந்தக் குரலைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லையே! இத்தனை வருஷத்தில் ஒருத்தர் வாயிலிருந்தும் வராத சொற்கள். நாகரத்தினம் நெகிழ்ந்துபோய் எழுந்து கைகூப்பி நன்றி சொன்னார். தையல்நாயகி செயலாளரைத் தனியே பிடித்தாள்.

"இவ்வளவு பேசறீங்களே, அந்த டைரக்டரைப் பாத்து ஒரே ஒரு சிரிப்பு எடுத்துத் தரச் சொல்லக்கூடாதா?"

"அம்மா, மாலை போடுறது மன்றத்தோட வேலை. டைரக்டர் விஷயத்துல எல்லாம் நாங்க தலையிட முடியாதுங்க."

அவளே சம்பந்தத்தின் ஆபீசுக்கு நடந்தாள். போன அன்றெல்லாம் அவர் கதை விவாதத்தில் இருந்தார், ஒருநாள் மாட்டிக்கொண்டார். மரியாதைக்குக் குறைச்சலில்லை, நாற்காலி போடச் சொன்னார், ஜூஸ் கொடுத்தார்.

"அந்தப் படம் ரிலீசாகி நூறு நாளும் ஓடிருச்சேம்மா, இனிமே அதுக்கு என்ன சிரிப்பு எடுக்கிறது? ஏதாவது போட்டோ ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போயி ஒரு போட்டோ எடுத்திடுங்களேன்."

அதையும் செய்து பார்த்தாள். ஸ்டுடியோக்காரர் அவரை உட்காரவைத்து, சிரியுங்க சார், இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சி எடுத்தார். கழுவி வந்த போட்டோவில் நாகரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு, நெற்றிக்காசோடு, நிறைந்த அமைதியோடு இருந்தார். சட்டம் போட்டு மாட்டினால் விளக்கேற்றி வைக்கத்தான் லாயக்கு.

இதற்கு நடுவில்தான் அக்கிரமத்திலெல்லாம் பெரிய அக்கிரமம் நடந்தது. நாகரத்தினத்துக்கு மார்க்கெட் வந்தது.

பிணமாக நடிப்பவர்களிடம் டைரக்டர்களுக்கு ஒரே குறைதான், வயிறு ஏறி இறங்கும். கதாநாயகன் உருகி அழும்போது பிணம் மூச்சு விட்டுவிடும், கட் சொல்லி மறுபடி அழ வேண்டும். நாகரத்தினத்திடம் அந்தத் தொந்தரவே இல்லை. ஈ உட்கார்ந்தாலும் இமை ஆடாது. எவ்வளவு நீளமான வசனத்தையும் ஒரே ஷாட்டில் அவர் மேல் விழுந்து பேசலாம். சேதி கோடம்பாக்கம் முழுக்கப் பரவி, காலையில் ஒரு பாடை, மத்தியானம் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், சாயங்காலம் ஒரு கிணற்றடி என்று வேன் வந்து ஹாரன் அடிக்க ஆரம்பித்தது. ஒரு வார்த்தை பேசும் வேஷம் கிடையாது. டாக்டர் வேஷம் ஏதாவது கேட்டால், "ஐயோ, நீங்க ஸ்டெதாஸ்கோப்போட வந்து நின்னா ஜனங்க பயந்துருவாங்க சார்" என்றார்கள். சிரிப்பும் எடுக்கவில்லை, ஏற்கெனவே செத்தவருக்கு எதற்கு என்று. சாமர்த்தியத்தைப் பாருங்கள்! கொன்றவர்களே, கொன்றதால் கிடைத்த வசதியையும் அனுபவித்தார்கள். பிள்ளையாருக்கு மட்டும் தினசரி பூஜை நடந்தது.

வீட்டில் அவர் பேச்சு குறைந்துகொண்டே வந்தது. பசியில்லை என்றாலும் தையல்நாயகி இலை போட்டுப் பரிமாறினாள், அவர் மரியாதைக்கு உட்கார்ந்து எழுந்தார், சோற்றைக் காக்கை எடுத்தது. ஒருநாள் இலை முன்னால் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே மறந்துபோனார். கூப்பிட்டாள், அசையவில்லை. தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எங்கேயோ இருந்து திரும்பி வந்ததுபோலப் பார்த்தார்.

"பழகிப்போச்சு தையலு. படுத்துக் கெடக்கிறதுதான் சுகமா இருக்கு."

நெற்றிக்காசுக்குப் பயப்படாதவள் அந்தப் பேச்சுக்குப் பயந்தாள். இன்னும் கொஞ்ச நாள் போனால் இந்த மனுஷன் எழுந்து உட்காரக்கூட மாட்டார், நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவார்கள், அதற்கும் பரவாயில்லை என்பார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் சம்பந்தத்தின் புதுப் படத்துக்கு வேன் வந்தது. இளவேந்தனுக்கு இரட்டை வேடம், அண்ணன் வேஷம் கலவரத்தில் செத்துவிடும், ஏரிக்கரையில் வரிசையாகப் பிணங்கள், அதில் ஒன்று நாகரத்தினம். தையல்நாயகி புளியோதரை கிளறித் தூக்குச்சட்டியில் அடைத்து, தானும் வேனில் ஏறிவிட்டாள்.

"எனக்குத்தான் பசிக்காதே தையலு" என்றார் அவர்.

"இன்னைக்குப் பசிக்கும்" என்றாள்.

சந்து முழுக்க வாசலில் நின்று வழியனுப்பியது. குருக்கள் கோயில் திறந்த கையோடு முதல் தேங்காயை அவர் பெயருக்கு உடைத்தார்.

செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் பகலெல்லாம் ஷூட்டிங் நடந்தது. தம்பி இளவேந்தன் வந்து அண்ணன் இளவேந்தன் மேல் விழுந்து அழுவதாகக் காட்சி. ஒரே ஆள் இரண்டு பேராக அழவும் கிடக்கவும் வேண்டியிருந்ததால் பொழுது போய்விட்டது. கடைசி ஷாட் முடிந்தபோது சூரியன் ஏரிக்குள் இறங்கிவிட்டது. இளவேந்தன் மாலையும் நெற்றிக்காசுமாகக் கிடந்தார்.

"அண்ணனுக்குச் சிரிப்பு எடுக்கணுமே, வெளிச்சம் போயிருச்சே!" என்று யாரோ கத்தினார்கள்.

அடுத்த நிமிஷம் அந்த ஏரிக்கரையைப் பார்த்திருக்க வேண்டும். ஜெனரேட்டர் வண்டி சேற்றில் இறங்கியது. ஏசுபாதமும் ஆட்களும் இருக்கிற விளக்கையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள், போதாததற்குக் கார்களைத் திருப்பி நிறுத்தி ஹெட்லைட் போட்டார்கள், புது பிலிம் மாட்டினார்கள். ஏரிக்கரை கல்யாண மண்டபம் மாதிரி ஜொலித்தது. இளவேந்தன் எழுந்து உட்கார்ந்து சிரித்தார். போதாது என்று இன்னொரு முறை சிரித்தார். பூசணிக்காய் உடைந்தது, எல்லாரும் கை தட்டினார்கள், நெற்றிக்காசு விரல் பட்டதும் கழன்று வந்தது.

ஆக, வெளிச்சம் ஒரு காரணமே இல்லை. தையல்நாயகி தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். நேரே நடந்து போய்ச் சம்பந்தத்தின் நாற்காலிக்கு முன்னால் நின்றாள்.

"இவருக்கு?"

"யாருக்கும்மா?"

"அங்க படுத்திருக்காரே, உங்க மாந்தோப்புல செத்தவரு. அவருக்கு எப்போ?"

சம்பந்தம் கடிகாரத்தைப் பார்த்தார். "விளக்கெல்லாம் அணைக்கச் சொல்லியாச்சேம்மா. இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

அப்போதுதான் யாரும் எதிர்பார்க்காதது நடந்தது. ஏசுபாதம் பெரிய விளக்கின் பக்கத்தில் மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். "நான் அணைக்கல சார்" என்றார். ஒவ்வொரு விளக்குக்குப் பக்கத்திலும் ஒவ்வொரு ஆள் உட்கார்ந்தான். ஜெனரேட்டர்க்காரர் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தானும் உட்கார்ந்தார்.

காரில் ஏறப்போன இளவேந்தன் திரும்பிப் பார்த்தார். கூட்டம் தன்னைப் பார்ப்பதையும் பார்த்தார். கையை உயர்த்தி, "எடுத்துக் குடுத்துடுங்க டைரக்டர். பாவம், அந்தம்மா கண்ணுல தண்ணி வரக்கூடாது" என்றார். அவ்வளவுதான், இளவேந்தனின் பெரிய மனசுக்கு ஏரிக்கரையே கை தட்டியது, இரண்டு பேர் அழுதார்கள். தையல்நாயகி கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

நாகரத்தினத்தைத் தூக்கி உட்காரவைத்து, மாலையைச் சரிசெய்து, விளக்குகளைத் திருப்பினார்கள். கேமரா ஓடியது.

"சிரிங்க ஐயா" என்றார் சம்பந்தம்.

அவர் உதட்டை இழுத்துப் பார்த்தார். வரவில்லை. உதவி டைரக்டர் ஒருவன் குரங்கு மாதிரி குதித்துக் காட்டினான். வரவில்லை. பிலிம் ஓடுது, ஓடுது என்று யாரோ பதறினார்கள். தையல்நாயகி இரண்டு கையையும் பிசைந்துகொண்டு நின்றாள். இவ்வளவு தூரம் கொண்டுவந்து, விளக்குப் போட்டு, கேமரா ஓடியும் மனுஷனுக்குச் சிரிப்பு வராவிட்டால் இனி எங்கே போவது?

புரொடக்‌ஷன் மேனேஜர் குனிந்து, பிரியமாகத்தான், அவர் காதருகே சொன்னார்.

"நம்ம இளவேந்தன் அண்ணனுக்கு ஒரு நன்றி சொல்லுங்க ஐயா. அண்ணனைப் பாத்து நன்றி சொல்லிட்டு அப்படியே சிரிச்சிடுங்க."

நாகரத்தினம் வாயைத் திறந்தார். பரவாயில்லைங்க என்று சொல்லப்போகிறார் என்று தையல்நாயகி நினைத்தாள். அந்த உதடு அந்தச் சொல்லுக்குக் குவிவது அவளுக்குத் தெரியும். உதடு குவிந்தது. சொல் வரவில்லை. அவர் இளவேந்தனைப் பார்த்தார், சம்பந்தத்தைப் பார்த்தார், இத்தனை விளக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எதுக்கு?" என்றார்.

மெதுவாகத்தான் கேட்டார். பிறகு எழுந்து நின்று கேட்டார்.

"எதுக்குய்யா நன்றி? எதுக்கு நான் சிரிக்கணும்?"

அது மெட்ராஸ் வந்த பிறகு யாரும் கேட்காத குரல். ஏரியில் கூடு அடைந்திருந்த கொக்குகள் எழும்பிப் பறந்தன. தையல்நாயகி கொட்டகையில் பாவாடை சட்டையோடு உட்கார்ந்து கேட்ட குரல் அது.

"கார் புழுதிக்கு பிலிம் இருந்துச்சு, எனக்கு இல்ல! அவரு சிரிக்க ராத்திரியைப் பகலாக்கினீங்க, எனக்கு வெயில் போயிருச்சுன்னீங்க! பொணமாப் போனப்புறம் வேன் அனுப்பறீங்களே, பேசுற வாயோட வந்து நின்னேனே, அப்ப எங்கய்யா போச்சு உங்க வேன்? உங்க படத்துக்கெல்லாம் அப்பனா இருந்து செத்தேன். எம் பேரு என்ன? டைரக்டரே, உம்மைத்தான் கேக்கறேன். எம் பேரு என்ன?"

சம்பந்தம் உதவி டைரக்டரின் முகத்தைப் பார்த்தார். உதவி டைரக்டர் இளவேந்தனின் முகத்தைப் பார்த்தான். இளவேந்தன் தன் கார்க் கதவைப் பார்த்தார்.

"சிரிக்க மாட்டேன்!" என்றார் கீரனூர் நாகரத்தினம். "இன்னொரு தடவை செத்தாலும் சிரிக்க மாட்டேன். கட் பண்ணுங்கய்யா உங்க கேமராவை!"

நெற்றிக்காசு விழுந்தது. விழுந்து, ஒரு கல்லில் பட்டு, அத்தனை பேர் காதிலும் கேட்கும்படி சத்தம் போட்டு, சரிவில் உருண்டு ஏரித் தண்ணீருக்குள் போனது. அவருக்குப் புரைக்கேறியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருமினார், மூச்சு வாங்கினார், வியர்த்தார். மாலையைத் தானே கழற்றிச் சம்பந்தத்தின் நாற்காலியில் போட்டார். "கட்" என்று சொல்லக்கூட அந்த டைரக்டருக்குத் தோன்றவில்லை. பிலிம் தானாக முடிந்து, கேமரா வெறுமனே கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் ஏசுபாதம் எழுந்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, விளக்கை அணைத்தார்.

அவர்கள் கம்பெனி வேனில் ஏறவில்லை. வண்டிக்கு நிற்கும்போதே, "அந்தத் தூக்குச்சட்டியைக் குடு" என்று வாங்கி, நின்றபடியே புளியோதரையை அள்ளிச் சாப்பிட்டார். பஸ் வந்தது, ஏறினார்கள், இடம் கிடைத்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. குரலை இறக்கச் சொன்னவனைத் திட்டினார், இரங்கல் கூட்டத்துச் செயலாளரைத் திட்டினார், பூவை எடுக்கச் சொன்ன அக்காவைக்கூட விடவில்லை. இனி ஒரு கம்பெனியும் தன்னைக் கூப்பிடாது என்று அவருக்கும் தெரியும், அதற்கும் சேர்த்துத் திட்டினார். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பெரியவரே, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார் கண்டக்டர். "முடியாது" என்றார் நாகரத்தினம்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் தையல்நாயகி, போகட்டும் விடுங்க, பஸ்ஸில் நாலு பேர் பார்க்கிறாங்க என்று அவர் கையை அழுத்தியிருப்பாள். அன்றைக்கு அவள் தன் உள்ளங்கையை அவர் மார்பின் மேல் வைத்திருந்தாள். கோபத்தில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. பூந்தமல்லி போய், போரூர் போய், வளசரவாக்கம் வந்த பிறகும் அவள் அந்தக் கையை எடுக்கவில்லை. அவர் எங்கேயாவது பேச்சை நிறுத்தப் பார்த்தால், "அப்புறம்? டாக்டர் வேஷம் கேட்டதுக்கு முடியாதுன்னானே, அவனை விட்டுட்டீங்களே" என்று எடுத்துக் கொடுத்தாள்.